முட்டையைத் தேடும் முன் காரணத்தைத் தேடுங்கள்: மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும், கருத்தரிப்பு மையங்களில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. மரபியல் பாடம் வரும் வாரத்தில், விக்டோரியா அரசியின் வம்சத்தில் இரத்தம் உறையாமை நோய் எப்படி இறங்கி வந்தது என்பதைக் கரும்பலகையில் வட்டமும் சதுரமுமாக வரைந்து காட்டுவது என் வழக்கம். வட்டம் பெண், சதுரம் ஆண். நோயைச் சுமந்தும் வெளியே காட்டாதவளுக்கு வட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. ஒன்பது ஆண்டுகள் அந்தப் படத்தை வரைந்தவளுக்கு, தன் குடும்பத்தின் படத்தை ஒருமுறை வரைந்து பார்க்கத் தோன்றவில்லை. அதற்காக என்னை நானே நொந்துகொண்டது உண்டு. ஆனால் என் பரிசோதனை அறிக்கைகளைக் கையில் வைத்திருந்த மூன்று மருத்துவர்களுக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் இந்த மடலை எழுதத் தூண்டியது.

2019இல் எனக்கு 29 வயது. ஏழு மாதங்களாக மாதவிடாய் வரவில்லை. இரவில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்தும் கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான, சினைப்பை ஓயும்போது உயரும் எஃப்.எஸ்.ஹெச். அளவு 71 என்று அறிக்கை வந்தது. மருத்துவர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பிவைத்து, 71ஐச் சுற்றிப் பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டு, "முட்டை தீர்ந்துபோச்சும்மா, டோனர்தான் வழி" என்றார். பிறகு, "அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். என் குடும்பத்தைப் பற்றி அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். நோய் எங்கிருந்து வந்திருக்கும் என்று அறிவதற்காக அது கேட்கப்படவில்லை. முட்டை எங்கிருந்து கிடைக்கும் என்று அறிவதற்காகக் கேட்கப்பட்டது. அவர் கடுமையானவர் அல்லர், அன்பாகத்தான் பேசினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். நான் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டாள். கருத்தரிப்புச் சிகிச்சைக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது வரவில்லை. உடன்பிறந்தவளிடம் முட்டை பெறுவது இயல்பான ஏற்பாடாகவே கருதப்பட்டது. 2020 மார்ச் மாதக் கடைசியில் அவளுக்கு ஊசிகள் தொடங்குவதாக இருந்தது. ஊரடங்கு வந்தது, மையம் மூடப்பட்டது, பிறகு பணநெருக்கடியில் அந்தத் திட்டம் தள்ளித் தள்ளிப் போனது. 2022இல், ஆட்டிசம் என்று மட்டும் சொல்லப்பட்டுவந்த அக்காவின் ஏழு வயது மகனுக்கு ஃப்ராஜைல் எக்ஸ் என்னும் மரபணு நோய் இருப்பது உறுதியாயிற்று. அவனுக்கு அது அக்காவிடமிருந்து வந்திருந்தது. என் சினைப்பைகள் 29 வயதில் ஓய்ந்ததற்கும், அவன் ஐந்து வயதுவரை "அம்மா" என்று சொல்லாததற்கும் காரணம் ஒரே மரபணுதான். என் அக்காவின் முட்டைகளில் பாதி, எந்தக் குரோமோசோம் என் குடும்பத்தை வாட்டியதோ அதையே சுமந்திருக்கும். அந்த முட்டையைத்தான் எனக்குத் தீர்வாகப் பரிந்துரைத்தார்கள்.

இதற்கு மேல் என் கதையை நீட்ட வேண்டியதில்லை. சினைப்பை முன்கூட்டியே ஓயும் இந்த நோயின் மூலக்கூறுக் காரணங்களைப் பற்றி அறிவியல் ஏற்கெனவே கண்டறிந்திருப்பதில் எவ்வளவு உங்கள் மேசைவரை வந்திருக்கிறது, எவ்வளவு வராமல் நிற்கிறது என்பதையே கேட்க விரும்புகிறேன். மருத்துவர்களுக்கு மருத்துவம் சொல்லவந்த ஆசிரியை என்று சிரிக்காமல் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 40 வயதுக்கு முன் சினைப்பை தன் வேலையைக் குறைத்துக்கொள்வதை நீண்ட காலம் "முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு" என்று எழுதினார்கள். இன்று "செயல்குறைவு" என்று எழுதுவதையே வல்லுநர்கள் விரும்புகிறார்கள். இது புதிய நாகரிகம் அல்ல. பாஸ்டனில் பணியாற்றிய ஃபுல்லர் ஆல்பிரைட் 1942இலேயே குறைவு என்ற பொருள்படும் சொல்லைத்தான் பயன்படுத்தினார். சொல் மாறுவதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். இந்த நோயுள்ள பெண்களில் 100இல் 5 முதல் 10 பேர்வரை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் பிற்பாடு கருவுறுகிறார்கள். "தீர்ந்துபோச்சு" என்ற சொல்லுக்குள் அவர்களுக்கு இடமில்லை. நூற்றில் ஒரு பெண்ணுக்கு வருவது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. அண்மைய தொகுப்பாய்வுகள் அதை 3.5 சதவீதத்தை ஒட்டிக் கணக்கிடுகின்றன. 30 வயதுக்குள் என்றால் ஆயிரத்தில் ஒருவர். ஆகவே பரபரப்பான ஒரு மகப்பேறு மருத்துவர் தம் பணிக்காலத்தில் என்னைப் போன்றவர்களைப் பலமுறை பார்த்திருப்பார்.

ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் இருக்கும்போது அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகவும், பருவமெய்தும்போது 3 அல்லது 4 லட்சமாகவும் சுருங்கிவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் வெளிவருபவை ஏறத்தாழ 400 அல்லது 500தான். சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது மட்டுமே நடக்கும். புதிதாகப் போட்டுவைக்க வழியில்லை. சினைப்பை 40 வயதுக்குள் ஓய்வதற்கு மூன்று வழிகள் உண்டு. இந்தச் சேமிப்பு தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கலாம், வேகமாகக் கரைந்திருக்கலாம், இருந்தும் ஹார்மோனின் அழைப்புக்குச் செவிசாய்க்காமல் போயிருக்கலாம். இந்த மூன்றாவது வகைக்கு ஃபின்லாந்தில் 1995இல் கண்டறியப்பட்ட பிறழ்வு நல்ல எடுத்துக்காட்டு. எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதத்தில் 189ஆம் இடத்தில் அலனின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்னும் இன்னோர் அமினோ அமிலம் வந்துவிட்டது. அந்தப் பெண்களின் சினைப்பையில் ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டையைத் தாங்கும் நுண்பைகள், இருந்தன. கதவைத் தட்டும் ஒலி உள்ளே கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர்களிடமும் "முட்டை தீர்ந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்காது.

வேகமாகக் கரையும் வகையை எலிகளில் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். உறங்கிக் கிடக்கும் ஃபாலிக்கிள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துவிடாமல் தடுத்துவைக்கும் காவலர்களில் பி.டென் என்னும் மரபணுவும், ஃபாக்ஸோ3 என்னும் மரபணுவும் முக்கியமானவை. 2008இல் வந்த ஆய்வில், முட்டைச் செல்லில் மட்டும் பி.டென் மரபணுவை நீக்கியபோது சேமிப்பிலிருந்த ஃபாலிக்கிள்கள் அனைத்தும் ஒன்றாக விழித்துக்கொண்டன. இளம் வயதிலேயே சினைப்பை வெறுமையானது. அதே பாதையை வேண்டுமென்றே தூண்டிவிட்டு, எஞ்சியிருக்கும் சில ஃபாலிக்கிள்களை எழுப்ப முடியுமா என்று ஜப்பானிய மருத்துவர்கள் முயன்று, 2013இல் இத்தகைய ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததை வெளியிட்டார்கள். அது இன்னும் சோதனை நிலையிலேயே இருக்கும் முறை. விளம்பரத்தில் அதைப் பார்த்தால் நம்பிவிட வேண்டாம் என்று என்னைப் போன்றவர்களிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்போது என் குடும்பத்தின் மரபணுவுக்கு வருகிறேன். அதன் பெயர் எஃப்.எம்.ஆர்.1, எக்ஸ் குரோமோசோமின் நீண்ட கரத்தின் நுனியருகே இருப்பது, 1991இல் கண்டறியப்பட்டது. அதன் தொடக்கத்தில், புரதமாக மொழிபெயர்க்கப்படாத பகுதியில், சி.ஜி.ஜி. என்ற மூன்றெழுத்து, சொன்னதையே சொல்லும் குழந்தையைப் போல, திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோருக்கு அது 30 முறையை ஒட்டி வரும்; 44 வரை இயல்பு. 55 முதல் 200 வரை வந்தால் அதை முன்பிறழ்வு என்பார்கள். 200ஐத் தாண்டினால் முழுப்பிறழ்வு. அப்போது அந்த மரபணுவே பூட்டப்பட்டுவிடும், மூளைக்கு வேண்டிய புரதம் உருவாகாது, ஃப்ராஜைல் எக்ஸ் நோய் வரும். என் எண்ணிக்கை 86. அக்காவுக்கு 112. அவள் மகனுக்கு 200க்கும் மேல்.

பாடநூல் அறிவோடு வருபவரை இந்த இடம் தடுமாறச் செய்யும், நானும் தடுமாறினேன். முழுப்பிறழ்வு உள்ள பெண்களுக்குச் சினைப்பை முன்கூட்டி ஓய்வதில்லை. பாதிவழியில் நிற்கும் முன்பிறழ்வுக்காரர்களுக்குத்தான் அது வருகிறது. அவர்களிலும் ஏறத்தாழ 5இல் ஒருவருக்கு. எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடும் என்றும் கணக்கிட முடியாது. 80க்கும் 100க்கும் இடைப்பட்டவர்களுக்கே அது மிகுதி. 112 உள்ள அக்காவுக்கு இன்றுவரை 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறது. 86 உள்ள எனக்கு நின்றுவிட்டது. காரணம் என்னவென்றால், முன்பிறழ்வில் அந்த மரபணு ஊமையாவதில்லை, அளவுக்கு மீறிப் பேசுகிறது. மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ. இயல்பைவிடப் பலமடங்கு உருவாகி, அதன் நீண்ட சி.ஜி.ஜி. பகுதி மடிந்து கொண்டையூசிபோல் நின்று, செல்லுக்கு வேண்டிய மற்றப் புரதங்களைத் தன்னிடம் சிக்கவைத்துக்கொள்கிறது. படிக்கக் கூடாத அந்தப் பகுதியையும் செல் தவறிப்போய்ப் படித்து, கிளைசின் என்னும் அமினோ அமிலமே வரிசையாகக் கோத்த ஒரு வேண்டாத புரதத்தை உருவாக்குகிறது. ஃபாலிக்கிளைச் சூழ்ந்து முட்டைக்கு ஊட்டம் தரும் கிரானுலோசா செல்களிலும் இந்தத் தூது ஆர்.என்.ஏ. மிகுந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இல்லாமையால் வரும் நோய்களையே நான் வகுப்பில் கற்பித்துவந்தேன். மிகுதியால் வரும் நோய் என் உடலுக்குள் இருந்தது.

அந்த மிகுதி சினைப்பையோடு நிற்பதில்லை. முன்பிறழ்வைச் சுமக்கும் ஆண்களில் 50 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 10இல் 4 பேருக்குக் கை நடுக்கமும் நடைத் தள்ளாட்டமும் வருகின்றன என்பதை 2001இல்தான் மருத்துவ உலகம் தனி நோயாக அடையாளம் கண்டது. என் தாத்தா, அம்மாவின் அப்பா, காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார். அப்படியும் தளும்பி வேட்டியில் சிந்தும். சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பார். வீட்டில் அதற்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர். முன்பிறழ்வுள்ள ஓர் ஆண் அதைத் தன் மகள்கள் ஒவ்வொருவருக்கும் தவறாமல் தருகிறார், மகன்கள் ஒருவருக்கும் தருவதில்லை. எக்ஸ் குரோமோசோம் போகும் பாதை அது. தாத்தாவுக்கு மூன்று மகள்கள். மூத்தவரான பெரியம்மாவுக்குக் குழந்தையில்லை. 33 வயதில் நின்றுவிட்டது. இராமேசுவரம் போய் நாகப் பிரதிஷ்டை செய்தார், பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வாங்காத பேச்சில்லை. நடுவிலான என் அம்மாவுக்கு 38இல் நின்றது. "தொல்லை விட்டது" என்று சந்தோஷப்பட்டதாக அவரே சொல்வார். சித்திக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு வீட்டில் நடுங்கும் கை ஒன்று, குழந்தையில்லாதவர் ஒருவர், சீக்கிரம் நின்றவர் ஒருவர், பேச்சு வராத பிள்ளை ஒருவன். நான்கும் நான்கு தனிக் கதைகளாக நான்கு மருத்துவர்களிடம் போயின.

அவற்றை ஒன்றாகக் கோத்தவர் குழந்தைகளுக்கான மரபியல் மருத்துவர். அக்காவின் மகனைப் பரிசோதித்துக்கொண்டே, "வீட்டில் யாருக்காவது நாற்பதுக்குள் மாதவிடாய் நின்றதா? உங்கள் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வயதானவர்களுக்குக் கை நடுங்குமா?" என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விகளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 2019இல் என்னிடம் அவை கேட்கப்பட்டிருந்தால், அக்காவின் மகனுக்கு நான்கு வயதிலேயே நோயின் பெயர் தெரிந்திருக்கும். பேச்சுப் பயிற்சி மூன்று ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கியிருக்கும்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் தனியாக இந்த நோய் வந்த பெண்களில் 2 முதல் 5 சதவீதத்தினருக்கு எஃப்.எம்.ஆர்.1 முன்பிறழ்வு இருக்கிறது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தால் அது ஏறத்தாழ 14 சதவீதம்வரை போகிறது. இவை பெரும்பாலும் மேற்கத்திய நாட்டுப் பெண்களிடம் எடுத்த கணக்குகள் என்பதையும், சீனப் பெண்களிடம் இது மிகக் குறைவாகவே காணப்பட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. "நம் ஊரில் இது அபூர்வம்" என்று நீங்கள் சொல்லக்கூடும். தேடாத இடத்தில் எதுவுமே அபூர்வம்தான். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதலும், அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் பரிந்துரையும் காரணம் தெரியாத சினைப்பைச் செயல்குறைவில் இந்தப் பரிசோதனையைச் செய்யவே சொல்கின்றன.

குரோமோசோம் பரிசோதனையான கேரியோடைப்பையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். எக்ஸ் குரோமோசோம் ஒன்று முழுமையாகவோ சில செல்களில் மட்டுமோ இல்லாதிருக்கும் டர்னர் நிலை, எக்ஸின் நீண்ட கரத்தில் ஒரு துண்டு அறுந்தோ இடம் மாறியோ கிடப்பது ஆகியவை இந்த நோய்க்கு நன்கு அறியப்பட்ட காரணங்கள். சில செல்களில் மட்டும் குறைபாடு உள்ள பெண் பார்வைக்கு வேறுபாடில்லாமல் இருப்பாள். உயரத்தில் சற்றுக் குறைந்திருக்கலாம், அவ்வளவே. அவளுக்கு நேராகத் தான முட்டையைக் கொண்டு கருவுறச் செய்தால் என்ன நேரலாம் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டர்னர் நிலையில் கர்ப்பகாலத்தில் பெருந்தமனி கிழியும் ஆபத்து மற்றப் பெண்களைவிடப் பன்மடங்கு அதிகம். எந்த அவசரத்தில் இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கிறோம்? ஒய் குரோமோசோமின் துணுக்கு ஒளிந்திருந்தால் அந்தச் சினைப்பையில் கட்டி வளரும் அபாயமும் உண்டு. அந்தச் சினைப்பையை முன்கூட்டி அகற்ற வேண்டியிருக்கும். காரணத்தைத் தேடுவது ஆராய்ச்சியாளரின் ஆர்வக்கோளாறு என்று நினைப்பவர்களுக்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

மற்ற மரபணுக்களின் பட்டியல் நீளமானது. அதை இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. ஆனால் அவற்றில் சில நோயாளி நாற்காலியில் அமர்ந்த உடனேயே தென்படக்கூடியவை. கண்ணிமைகள் சிறுத்து, மேலிமை தாழ்ந்து, உள் மூலையில் தோல்மடிப்போடு இருப்பவளுக்கு ஃபாக்ஸ்எல்2 மரபணுவில் பிறழ்வு இருக்கலாம், 2001இல் கண்டறியப்பட்டது. வளர்ந்த எலியின் சினைப்பையில் அந்த மரபணுவை அணைத்தபோது கிரானுலோசா செல்கள் விந்தகத்தின் செர்ட்டோலி செல்களைப் போல மாறத் தொடங்கின. சினைப்பை சினைப்பையாகவே நீடிப்பதற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு மரபணு உழைத்துக்கொண்டிருக்கிறது என்பது என் மாணவிகளுக்கு மிகவும் பிடித்த செய்தி. சிறுவயது முதலே காது மந்தமாக இருந்து, மாதவிடாயும் வராமலோ நின்றோ போனால் பெரால்ட் நோய் என்று ஒன்று உண்டு. அதன் காரணமான மரபணுக்களில் பல மைட்டோகாண்டிரியாவுக்கு வேலைசெய்பவை. காலக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத காலக்டோசீமியா நோய் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சினைப்பை கெடுகிறது. இவற்றுக்கெல்லாம் கண்ணும் காதும் கேள்வியுமே முதல் பரிசோதனை.

தமிழகத்தில் நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொரு வகை இருக்கிறது. முட்டைச் செல் கருவிலேயே, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவைத் தொடங்கி, குரோமோசோம்களை இணைசேர்த்து, வெட்டி, மாற்றி ஒட்டிக்கொள்கிறது. இந்த வேலைகளைச் செய்யும் மரபணு ஒன்றின் இரண்டு பிரதியும் கெட்டுப்போனால் முட்டைகள் தொடக்கத்திலேயே அழிந்துவிடும். 2014இல் மத்திய கிழக்கைச் சேர்ந்த, உறவுக்குள் திருமணம் செய்துகொண்ட ஒரு குடும்பத்தில் ஸ்டாக்3 என்னும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்ததே சகோதரிகள் பலருக்கு இந்த நோய் வரக் காரணம் என்று கண்டறிந்தார்கள். எம்.சி.எம்.8, எம்.சி.எம்.9 போன்றவையும் இவ்வகையே. மாமன் மகளையும் அத்தை மகனையும் அக்காள் மகளையும் மணப்பது இந்தியாவிலேயே மிகுந்து காணப்படும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. இந்த மரபணுக்களில் சில டி.என்.ஏ. பழுதுபார்ப்பவை என்பதால் அவை கெட்டவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்தும் இருக்கக்கூடும். பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்களா என்று கேட்பது பண்பாட்டைக் குறைசொல்வதாகாது.

இவ்வளவு சொல்வதால், வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பார்க்கும் விலையுயர்ந்த பரிசோதனையை எழுதுங்கள் என்று கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு நேர்மாறாகவே கேட்கிறேன். 2023இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. சீனாவில் இந்த நோயுள்ள 1,030 பெண்களை ஆராய்ந்தது ஒன்று; அவர்களில் 18.7 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே அறியப்பட்ட மரபணுக்களில் நோய்தரும் பிறழ்வுகள் இருந்ததாக அது சொன்னது. பிரிட்டனின் உயிரித் தரவு வங்கியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தது மற்றொன்று. ஒரே பிரதி கெட்டால் போதும் நோய் வரும் என்று கருதப்பட்ட மரபணுக்களில் புரதத்தையே முறித்துவிடும் பிறழ்வுகளில் 99.9 சதவீதம், சினைப்பை நலமாக உள்ள பெண்களிடமும் இருந்தன என்று அது காட்டியது. அதாவது, ஆய்வகம் அனுப்பும் நீண்ட அறிக்கையில் சிவப்பெழுத்தில் ஒரு மரபணு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எக்சோம் எனப்படும் அந்தப் பெரிய பரிசோதனை, மரபணுவின் எழுத்துகளைச் சிறு துண்டுகளாகப் படிப்பதால், எஃப்.எம்.ஆர்.1இல் சி.ஜி.ஜி. எத்தனை முறை வருகிறது என்பதை அதனால் நம்பகமாக எண்ண முடியாது. அதற்குத் தனியான பி.சி.ஆர். முறை தேவை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் பெருந்தொகை செலவழித்து எக்சோம் பரிசோதனை செய்து, "மரபணுவில் ஒன்றுமில்லை" என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறார். எஃப்.எம்.ஆர்.1 பார்க்கப்படவில்லை என்பது அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

மரபணுவுக்கு வெளியே உள்ள காரணங்களில் உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோயை மட்டும் குறிப்பிட்டுக் கடக்கிறேன். அட்ரீனல் சுரப்பிக்கு எதிரான 21-ஹைட்ராக்சிலேஸ் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை, சினைப்பையை மீட்டுத் தராது. ஆனால் பிற்பாடு அட்ரீனல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய் வந்து திடீரென மயங்கி விழுவதைத் தடுக்க அது உதவும்.

காரணம் எதுவானாலும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் வாழும் உடலுக்கு நேர்வது ஒன்றுதான். எலும்பு தேய்கிறது, இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதான 50 வரையிலாவது ஹார்மோனை ஈடுசெய்ய வேண்டும் என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எனக்கு மூன்று ஆண்டுகள் அது எழுதித் தரப்படவில்லை. "குழந்தை ஏற்பாடு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். குழந்தை ஏற்பாடும் முடியவில்லை. 32 வயதில் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேனில் என் முதுகெலும்பு தேயத் தொடங்கியிருந்தது. கருப்பைக்காக மட்டுமே என்னைப் பார்த்தவர்களின் கண்ணில் என் முதுகெலும்பு படவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் பெரிதன்று. 40 வயதுக்குள் எஃப்.எஸ்.ஹெச். உயர்ந்து வரும் பெண்ணிடம், தான முட்டையைப் பற்றிப் பேசும் முன், கேரியோடைப்பும் எஃப்.எம்.ஆர்.1 பரிசோதனையும் எழுதுங்கள். பணமில்லை என்றால் இந்த இரண்டுக்குப் பின் மற்றதை யோசிக்கலாம் என்று சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவை கட்டணமின்றிக் கிடைக்க உங்கள் சங்கங்கள் கேட்க வேண்டும். நாங்கள் கேட்பதைவிட நீங்கள் கேட்டால் எடுபடும். மூன்று தலைமுறைக் குடும்பப் படத்தை ஒரு செவிலியரோ பயிற்சி மருத்துவரோ ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். என் பத்தாம் வகுப்பு மாணவிகளே அதை வரைவார்கள். உடன்பிறந்தவளை முட்டைக்காக நினைக்கும் முன், அவளுக்கும் அதே மரபணு இருக்கலாம் என்று நினையுங்கள். இன்றைய சட்டப்படி முட்டை வங்கியின் வழியாகத்தான் வர வேண்டும், 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் தர முடியும் என்பதால் அந்தத் தவறு இப்போது குறையக்கூடும். ஆனால் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய செய்தி, அவள் முட்டை தந்தாலும் தராவிட்டாலும் அப்படியே இருக்கிறது.

அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்பதில்தான் உங்கள் உதவி எனக்கு இன்னும் தேவைப்படுகிறது. பெரியம்மாவிடம் போய் இது தோஷமன்று, தாத்தா வழியாக வந்த சி.ஜி.ஜி. என்று சொன்னபோது, அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அப்பவே யாராவது சொல்லியிருந்தா, உங்க பெரியப்பா வீட்டு வாசல்ல நான் நின்னு அழுதிருக்க மாட்டேனே" என்றார். அவரிடம் சொல்வது எளிது. சித்திக்கு ஒரு மகள் இருக்கிறாள், 22 வயது. தாத்தாவின் மகள் என்பதால் சித்தி முன்பிறழ்வைச் சுமப்பது உறுதி. அது மகளுக்கு வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். இப்போது தெரிந்தால் முட்டைகளைச் சேமித்து வைப்பதா, கருவைப் பரிசோதித்துப் பெறுவதா, சீக்கிரமே குழந்தை பெற்றுக்கொள்வதா என்று அவளே முடிவெடுக்கலாம். தெரிந்த செய்தி தரகர்வரை போனால் என்ன ஆகும் என்று சித்தி அஞ்சுகிறார். என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அந்த அச்சம் அறியாமையால் வந்ததென்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் மாட்டியிருக்கும் என் குடும்பப் படத்தில் அவளுடைய வட்டத்தை வரைந்துவிட்டேன். நடுவில் புள்ளி வைக்கவில்லை. அவள் அடுத்த மாதம் மாதவிடாய் வலிக்காக உங்களில் யாரோ ஒருவரிடம் வருவாள். குடும்பத்தில் யாருக்காவது சீக்கிரம் நின்றதா என்று அவளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை